வில்லனுக்கு எத்தனை கூடை

போன மாதம் தேனியில் புதிதாகக் கட்டியிருக்கும் தியேட்டரைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். படி ஏறிக் கேபினுக்குப் போய்ச் சேருவதற்குள் மூச்சு வாங்கியது. உள்ளே இரண்டு புரொஜெக்டர்கள். ஒன்றில் ரீல் முடிகிற நேரத்தில் மற்றது ஆரம்பித்துவிடுகிறது. கீழே இருப்பவர்களுக்கு ரீல் மாறியதே தெரியாது. வேலை பார்க்கிற பிள்ளைகள் நல்ல மாதிரி. எனக்கு ஸ்டூல் போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அப்போது ஓடிக்கொண்டிருந்த படத்தின் வில்லனைச் சதுர ஓட்டை வழியாகக் காட்டினார்கள். அவன் தனி ஆளாக ஒரு காரைத் தூக்கிப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஒங்க காலத்துல இந்த மாதிரி பலமான வில்லன் உண்டா அய்யா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"ஒருத்தர் இருந்தார். பால் ஆத்துவார்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. இறங்கி வந்துவிட்டேன். வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

வருஷத்தைச் சரியாகச் சொல்லிவிடுவது என் பழக்கம். போடி லைன் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். படப்பெட்டி மதுரையிலிருந்து கரி பஸ்ஸில்தான் வந்தது. பதினோராயிரம் அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்ற சர்க்கார் உத்தரவும் வந்திருந்தது. ஜெர்மனி சரணடைந்த செய்தி வந்தது அதற்கு அடுத்த சித்திரையில். ஆகவே நான் சொல்வது நாற்பத்து நான்காம் வருஷத்துச் சித்திரை, வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா நாட்கள். படத்தின் பெயரை எழுதப்போவதில்லை, ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தக் குடும்பத்தார் இன்னும் இந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

நான் தொழிலுக்கு வந்தது படம் பேசாத காலத்தில். கம்பம் சந்தையில் ஒரு பயாஸ்கோப்காரரிடம் மிஷின் கைப்பிடி சுற்றினேன். படம் பேச ஆரம்பித்ததும் மதுரைக்குப் போய்ப் பரீட்சை கொடுத்து ஆபரேட்டர் லைசென்ஸ் வாங்கினேன். நடுவில் நடந்ததில் சொல்லத் தக்கது ஒன்றும் இல்லை. சூடு, புகை, கண்ணெரிச்சல்.

டெண்டுக் கொட்டகை எப்படி இருக்கும் என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நடுவில் கம்பம், சுற்றிலும் தட்டி, மேலே கித்தான். தகரம் அடித்த கேபினில் ஒரே ஒரு மிஷின். பக்கத்தில் தண்ணீர் வாளி, மணல் வாளி. அந்தக் காலத்துப் பிலிம் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வெளியே ஆயில் என்ஜின் ஓடினால்தான் உள்ளே வெளிச்சம். மிஷினுக்குள் எரிந்து வெளிச்சம் கொடுக்கிற கார்பன் குச்சிக்கு யுத்தத்தில் அவ்வளவு தட்டுப்பாடு. எரிந்து மிஞ்சின துண்டுகளைப் பித்தளைக் குழாயில் கோத்து எரிப்போம். ஒரே மிஷின் என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை ஏற்றி, விளக்கை அணைக்க வேண்டும். அந்த இடைவெளியில் முறுக்கும் சோடாவும் விற்கும். அதைவிட முக்கியமாகப் பேச்சு நடக்கும். அடுத்து என்ன ஆகும், யார் மேல் தப்பு என்று கொட்டகையே பஞ்சாயத்துப் பேசும். படம் பாதி வெள்ளைத் துணியில் ஓடியது என்றால் பாதி அந்த வெளிச்சத்தில்தான் ஓடியது.

தரை டிக்கெட்டுக்கு ஆற்று மணல் கொட்டிப் பரப்பியிருப்போம். ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடுகிற ஒவ்வொரு முகாமிலும் பக்கத்து ஆற்றிலிருந்தே வண்டி வைத்து அடிப்போம். பெண்கள் பக்கம் தனி. இடுப்பளவு தட்டி பிரித்திருக்கும். வில்லன் அட்டூழியம் எல்லை மீறும்போது அந்தப் பக்கத்திலிருந்து மண் பறக்கும். "நாசமாப் போவ, நீ வெளங்குவியா!" என்று இரண்டு கையாலும் மணலை வாரித் திரையைப் பார்த்துத் தூற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் மண்ணை வாரித் தூற்றுவது வெறும் வசவு இல்லை. வயிறு எரிந்தவள் கடைசியாகச் செய்கிற காரியம் அது. பலிக்கும் என்ற நம்பிக்கை எல்லோருக்கும் உண்டு. ஆனால் படத்தில் வருகிறவனுக்கு ஊர் ஏது, பேர் ஏது? அது போய்த் தங்க இடம் இல்லை. அதனால் தாராளமாகத் தூற்றுவார்கள்.

எங்கள் மேனேஜர் சங்கரலிங்கம் வில்லனை அந்த மண்ணால்தான் அளப்பார். காலையில் திரைக்கு முன்னால் கூட்டி அள்ளும்போது வந்து நிற்பார். "நேத்து எத்தனை?" என்பார். கால் கூடை, அரைக் கூடை என்று சொல்ல வேண்டும். மீசை முறுக்கி, கண்ணை உருட்டி, சவுக்கெடுத்து அடிக்கிற வில்லன்களுக்கெல்லாம் கால் கூடைக்கு மேல் விழுந்து நான் பார்த்ததில்லை.

மேனேஜரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டுகிறவரிலிருந்து முதலாளி வரைக்கும் எல்லோரையும் "நீங்க" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் "இருக்கட்டும்" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் நடுங்குவோம். படம் ஓடும்போது அவர் திரையைப் பார்த்ததே கிடையாது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டி ஓரமாக நின்று, சனங்களின் முகத்தையே பார்ப்பார். எந்த ரீலில் எந்த இடத்தில் பெண்கள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொள்கிறார்கள், எங்கே வெற்றிலை மெல்லுவது நிற்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்தப் படம் கம்பத்தில் ஓடிய இரண்டாம் நாள் கேபினுக்கு வந்தார். "ஆபரேட்டர், அந்த வில்லன் மாமன் பேசுற எடத்துலயெல்லாம் சவுண்டைக் கொஞ்சம் கொறைங்க."

"ஏற்கெனவே அவுக மெதுவாத்தான் பேசுறாக. பின்னாடி இருக்கவுகளுக்குக் கேக்காதே."

"கேக்கக் கூடாது. கேக்கலையேன்னு முன்னால சாயணும்."

அன்று கொட்டகை முழுவதும் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்ததை ஓட்டை வழியாகப் பார்த்தேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கணவனை இழந்த ஒரு பணக்காரப் பெண். அவளுக்கு ஒரே மகன், சின்னப் பையன். துணைக்கென்று அவளுடைய தம்பி வந்து வீட்டில் தங்குகிறான். அந்த வீட்டில் "சாப்பிட்டியா?" என்று எல்லோரையும் கேட்கிறவன் அவன் ஒருத்தன்தான். வேலைக்காரியையும் கேட்பான். அடித்தது இல்லை, அதட்டியது இல்லை. பையனுக்கு மட்டும் உடம்பு நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வரும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எட்டாவது ரீலில்தான் நமக்குக் காட்டுவார்கள். மாமன் பாலில் ஒரு பொடியைக் கலக்கிறான். கலந்துவிட்டு, பையனை மடியில் போட்டுக்கொண்டு, டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றி, நுரையை ஊதி ஒதுக்கி, தன் உதட்டில் வைத்துச் சூடு பார்க்கிற மாதிரி பாவனை செய்து, "நாக்கு சுட்டுறப் போகுதுடா ராசா" என்று சொல்லிக்கொண்டே புகட்டுகிறான். அதை அக்காள் கதவிடுக்கில் பார்த்துவிடுகிறாள். கடைசி ரீலில் அவள், யாரிடமும் எதுவும் சொல்லாமல், அதே பொடியைக் கலந்து, அதே மாதிரி பாலை ஆற்றிக்கொண்டு வந்து தம்பியிடம் நீட்டுகிறாள். அவனுக்குப் புரிந்துவிடுகிறது. "நீ சாப்பிட்டியாக்கா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் குடிக்கிறான்.

இவ்வளவுதான் படம். சண்டை கிடையாது. கம்பத்தில் முழுக் கூடை விழுந்தது. மலையில் ஏலத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கி வந்த மலையாளத்துப் பெண்கள்கூட "துஷ்டன்! துஷ்டன்!" என்று வாரி அடித்தார்கள். சின்னமனூரிலும் முழுக் கூடை.

மாமனாக நடித்தவர் பேர் குருவய்யா. சொந்த ஊர் தேவதானப்பட்டி. நாடகக் கம்பெனிகளில் எத்தனையோ வருஷம் உழைத்து, ஒருவரும் பேர் சொல்லாமல், நரை விழுந்த பிறகு கிடைத்த முதல் படம் இது. கம்பத்திலும் சின்னமனூரிலும் அவரை யாருக்கும் தெரியாது. வீரபாண்டியில் தெரியும். அவருடைய மகள் பொன்னுத்தாயை அங்கேதான் கட்டிக் கொடுத்திருந்தது. அதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

திருவிழாவுக்கு வருகிற சனத்தைப் பார்த்து, கோயிலுக்குச் சற்றுத் தள்ளி ஆற்றங்கரைப் பக்கமாகக் கொட்டகை போட்டிருந்தோம். முதல் நாள் முதல் ஆட்டம். எட்டாவது ரீலில் மண் பறந்தது. எனக்குப் பழகிய சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை பேர் சொல்லித் திட்டினார்கள்.

"ஏலே தேவதானப்பட்டி குருவய்யா! ஒன் குடி வெளங்குமா? ஒன் வம்சம் தழைக்குமா?"

ஓட்டை வழியாகப் பார்த்தேன். எப்போதும் முகத்தில் ஒன்றும் காட்டாத மேனேஜர், நெற்றியைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தர் குருவய்யாவின் மனைவி பேச்சியம்மாள். மகளின் பேறுகாலத்துக்குத் துணையாக வந்து தங்கியிருந்தவர். இன்னொருவர் பொன்னுத்தாயின் மாமியார் ராக்கம்மாள். பெரிய உடம்பு, பெரிய குரல். பேச்சியம்மாள் அழுதுகொண்டு நின்றார். ராக்கம்மாள்தான் பேசினார்.

"இங்க மேனேஜரு யாரு?"

"நான்தான் தாயி. உக்காருங்க."

"உக்கார வரல. இந்தப் படத்தை நிப்பாட்டுங்க. இன்னைக்கே."

"என்ன சங்கதின்னு சொல்லுங்க."

"என் மருமக நெறமாசம். மொதப் பிள்ளையும் தங்கல, ரெண்டாவதும் தங்கல. ரெண்டும் தாய்வீட்டுல போச்சு. சரி, மூணாவதை நம்ம வீட்டுல வச்சுப் பாப்போம்னு இங்கனயே வச்சிருக்கேன். நேத்து ஊரே கூடி அவ அப்பன் வம்சத்துக்கு மண்ணைத் தூத்துது. மண்ணுன்னா எந்த மண்ணு? ஆத்தா காலடியில ஓடுற ஆத்து மண்ணு. அதுவும் திருநாளும் அதுவுமா."

"ஊரு தூத்துனதுக்கு நாங்க..."

"ஊரை ஏன் சொல்றீக? நானுந்தேன் தூத்துனேன்."

பேச்சியம்மாள் சட்டென்று நிமிர்ந்தார். அதுவரை அவருக்கே தெரியாது போல.

ராக்கம்மாளின் குரல் இறங்கிவிட்டது. "பொய் சொல்ல மாட்டேன் மதினி. அந்தச் சின்னப்பய வாயில பாலை வைக்கயில எனக்கு நெதானமே இல்ல. சம்பந்தின்னு தெரியும், படம்னு தெரியும். ஆனா கை அள்ளிருச்சு, வாய் சொல்லிருச்சு. வீட்டுல போயிக் கையைக் கழுவயிலதான் ஒறைச்சது. நான் யாரு வம்சத்தை வஞ்சேன்? என் வீட்டுல படுத்திருக்கவ வயித்துல இருக்கறது யாரு வம்சம்?"

ராக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி குரலை உயர்த்தினார். 

"நிப்பாட்டலைன்னா மருமகளைக் கரி பஸ்ஸுல ஏத்தித் தேவதானப்பட்டிக்கு அனுப்பிருவேன். என்ன ஆனாலும் அங்கன ஆகட்டும். என் சாபத்துக்குக் கீழ, என் வீட்டுல வச்சு வேணாம்."

அன்றைய கரி பஸ் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். பின்னால் உலை, அதில் கரி. ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ரோட்டில் பாதி குழி. தேனி வழியாக, பெரியகுளம் தாண்டி, நிறைமாதக் கர்ப்பிணி அதில் போய்ச் சேருவது என்பது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியம் இல்லை. ராக்கம்மாளுக்கும் அது தெரியும். ஆனால் அவர் சொன்னால் செய்வார் என்பது முகத்திலேயே இருந்தது.

படத்தை நிறுத்துவது மேனேஜர் கையில் இல்லை. திருவிழா முடியும் வரை இந்தப் படம்தான் என்று பேசி, கிராமங்களுக்கெல்லாம் வண்டி கட்டித் தண்டோராப் போட்டாகிவிட்டது. மாற்றுப் படமும் கைவசம் இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"எட்டாவதை இன்னைக்கு ஏத்த வேணாம் ஆபரேட்டர்."

ஒரே மிஷினில் இது சுலபம். ஏழாவது முடிந்து விளக்குப் போடும்போது எட்டுக்குப் பதில் ஒன்பதை ஏற்றினால் ஆயிற்று. மழை வருகிற மாதிரி இருந்தால் பல ஆபரேட்டர்கள் செய்கிற வேலைதான். ஒட்டுக்கூடத் தெரியாது. எங்கள் மேனேஜர் மட்டும் அதை ஒருநாளும் அனுமதித்ததில்லை. அன்று அவராகச் சொன்னார்.

அந்தச் சாயங்காலம் நடந்தது நான் தொழிலில் மறக்காத ஒன்று. பாலில் பொடி கலப்பதைச் சனங்கள் பார்க்கவில்லை. பையன் மெலிகிறான், அக்காள் அழுகிறாள், தம்பி எல்லோரையும் "சாப்பிட்டியா" என்று கேட்கிறான். கடைசி ரீலில் அக்காள் விஷப்பாலைக் கொண்டுவந்து நீட்டினாளோ இல்லையோ, பெண்கள் பக்கம் கொதித்தது.

"அடி பாவி! கூடப் பொறந்தவனுக்கா?"

"தின்னியான்னு கேட்டவனுக்கு வெசமாடி? நீ வெளங்குவியா?"

மண் பறந்தது. எல்லாம் அக்காள் மேல். குருவய்யா பாலைக் குடித்துச் சாய்ந்தபோது கொட்டகையே தேம்பி அழுதது.

மறுநாள் காலை மேனேஜர் வழக்கம்போல் திரைக்கு முன்னால் வந்து நின்றார். "நேத்து எத்தனை?"

"முழுக் கூடை."

"இருக்கட்டும்" என்றார். அந்தச் சொல்லை அவர் தனக்கே சொல்லிக்கொண்டதை அன்றுதான் கேட்டேன்.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், தோளில் துண்டு, சவரம் செய்யாத முகம். திரையில் பார்த்ததில் பாதிகூட இல்லை. குருவய்யா. மனைவி சொல்லியனுப்பி, முந்தின நாள் சாயங்காலமே வந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்து படம் பார்த்திருக்கிறார்.

"நல்லவனாக்கிட்டீகளே அய்யா என்னை" என்றார்.

மேனேஜர் நடந்ததைச் சொன்னார். குருவய்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"எனக்குப் பிள்ளைதான் முக்கியம். படத்தைக் கொளுத்தச் சொன்னாலும் கொளுத்துங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். டைரக்டரு அந்தக் காட்சியில என்னைச் சிரிக்கச் சொன்னாரு. பல்லைக் காட்டிச் சிரிச்சுக்கிட்டே புகட்டுன்னாரு. எனக்கு வரல. என் மக சின்னதுல பாலே குடிக்க மாட்டா. நான் வீட்டுல இருக்கதே எப்பவாச்சுந்தேன். இருக்கயில மடியில போட்டு, ஆத்தி, ஊதி, ஒதட்டுல வச்சுப் பாத்துக் குடுப்பேன். அதையே செஞ்சேன். வேற ஒண்ணுமே செய்யல. செட்டுல இருந்தவுகளுக்கு அன்னைக்குச் சோறு எறங்கலைன்னாக."

இதற்குள் ராக்கம்மாளும் பேச்சியம்மாளும் வந்துவிட்டார்கள். சம்பந்தியைப் பார்த்ததும் ராக்கம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். கோபம் மட்டும் குறையவில்லை.

"என்னத்தை வெட்டுனீக? நேத்து நான் அந்த அக்காக்காரியை வஞ்சேன். அவளும் ஒரு வீட்டுப் பொம்பளைதானே? இன்னைக்கு அவுக வீட்டுல எவ வயித்தப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காளோ! ஒரு பாவத்துக்கு ரெண்டு பாவமா ஆக்கிப்புட்டீக."

"நீங்க வராம இருந்திருக்கலாமே தாயி" என்றார் மேனேஜர்.

"வராம? வெட்டுனாகளா இல்லையான்னு பாக்க வேணாமா?"

பேச்சியம்மாளுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு புருஷனைத் திரும்பிப் பார்த்தவர், பார்த்தபடியே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் தூத்துறேன்."

"என்னத்தை?"

"அந்த ரீலைப் போடட்டும். ஊரு தூத்துறதுக்கு முந்தி நான் தூத்துறேன். எனக்குப் பாக்கி இருக்கு. தூத்த வேண்டியது நெறைய இருக்கு."

ராக்கம்மாள் யோசித்தார். கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. அதையே கேட்பவர் மாதிரி நின்றுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அது சரிதேன். கட்டுனவ தூத்துனா அது வீட்டுச் சண்டை. ஆத்தா அதுல தலையிட மாட்டா. மொத மண்ணு யாருதோ வசவும் அவுகளுது. பின்னால விழுகுறதெல்லாம் தொணைக்கு விழுகுறது. நான் முந்தாநா போட்டதும் அந்தக் கணக்குல சேந்துரும்."

இப்படி ஒரு சாஸ்திரம் எங்கும் கிடையாது. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் நின்ற ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை, என்னையும் சேர்த்து. ராக்கம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால், சம்பந்தி இனிமேல் இப்படிப்பட்ட வேஷம் கட்டக் கூடாது. ஆத்தா வாசலில் கையடித்துக் கொடுக்க வேண்டும்.

 குருவய்யா கூடையில் கிடந்த மணலைப் பார்த்தார். வாழ்நாள் முழுவதும் மேடையில் நின்றவர் அவர். ஒரு மாலையும் விழுந்ததில்லை. விழுந்தது இந்த மண் ஒன்றுதான். அதன் மதிப்பு அவருக்குத் தெரியும், மேனேஜருக்கும் தெரியும். மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"கையடிச்சுத் தாறேன்" என்றார் குருவய்யா.

அன்று சாயங்காலம் கொட்டகை கொள்ளாத கூட்டம். விஷயம் ஊரில் பரவிவிட்டது. பேச்சியம்மாள் பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராக்கம்மாள். ஏழாவது ரீல் முடிந்து விளக்குப் போட்டபோது வழக்கமான பேச்சு இல்லை. சோடாக்காரர் சும்மா நின்றார். எட்டாவது ரீலை ஏற்றிவிட்டு, சவுண்டை எப்போதையும்விட ஒரு துளி குறைத்தேன்.

குருவய்யா பையனை மடியில் போட்டார். பாலை ஆற்றினார். பெண்கள் எல்லோர் கையிலும் மணல். யாரும் எறியவில்லை. முதல் மண்ணுக்குக் காத்திருந்தார்கள். பேச்சியம்மாள் அசையவில்லை. திரையில் குருவய்யா நுரையை ஊதினார், உதட்டில் வைத்துப் பார்த்தார். "நாக்கு சுட்டுறப் போகுதுடா ராசா."

பேச்சியம்மாள் எழுந்தார்.

"பாவி மனுசா! எம்பிள்ளைக்கு ஆத்துன பாலையா ஊரு ஒலகத்துக்குக் காட்டுன?" இரண்டு கையாலும் வாரி அடித்தார். "அவ சமஞ்சதுக்கு வந்தியா? எங்க ஆத்தா செத்ததுக்கு வந்தியா? அவ மொதப் பிள்ளையக் குழிக்குள்ள வைக்கயில எந்த ஊருல ராசா வேசம் கட்டிக்கிட்டுக் கெடந்த? இங்கன வந்து தின்னியா தின்னியாங்குற? எங்களை என்னைக்குய்யா கேட்ட?"

மண் விழுந்துகொண்டே இருந்தது. திரையில் அவர் சாந்தமாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். தரையில் எங்கேயோ துண்டைத் தலையில் போட்டுக்கொண்டும் அவர் உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கம் முழுவதும் அழுதுகொண்டே வாரித் தூற்றியது. படத்து மாமனுக்கா, அவரவர் வீட்டு ஆட்களுக்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"ஆச்சு, உக்காருங்க மதினி. படம் மறைக்குது" என்றார் ராக்கம்மாள்.

மேனேஜர் அன்று ஒரு முறை, ஒரே ஒரு முறை, திரும்பித் திரையைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் எத்தனை கூடை என்று கேட்கவில்லை. அந்த மணலை ஆற்றிலேயே கொண்டுபோய்க் கொட்டச் சொன்னார்.

பொன்னுத்தாயை யாரும் பஸ்ஸில் ஏற்றவில்லை. வைகாசி மாதம் நாங்கள் உத்தமபாளையத்தில் இருந்தபோது, ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று ஆள் வந்து சொன்னார். மேனேஜர் எங்கள் எல்லோருக்கும் பால் வாங்கிக் கொடுத்தார். சிரிக்காமல்தான் கொடுத்தார்.

குருவய்யா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன் பிறகு இரண்டு மூன்று படங்களில் வந்தார். கோயில் பூசாரி, பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற அப்பா. நானே அவற்றை ஓட்டினேன். அவர் வருகிற இடத்தில்தான் ஆட்கள் எழுந்து வெளியே போய்விட்டு வருவார்கள். பிறகு அதுவும் இல்லை. வேறு வில்லன்கள் வந்தார்கள். கால் கூடை, அரைக் கூடை. ஒரு கட்டத்தில் மண்ணே விழவில்லை. சிமெண்டுத் தரை வந்துவிட்டது. மேனேஜர் காலமானார். கொட்டகையை விற்றுவிட்டார்கள். எனக்குக் கண் மங்கியது.

கடைசியாகக் குருவய்யாவைப் பார்த்தது யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு. தேனி பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை. கடையில் நல்ல கூட்டம். பெஞ்சில் அவர் பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டுகொள்ளவில்லை, ஒரே ஒரு காலையில் பார்த்த ஆபரேட்டரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? பால் வந்தது. டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்றினார். நுரையை ஊதி ஒதுக்கினார். உதட்டில் வைத்துச் சூடு பார்த்தார்.

கடையில் பேச்சு நின்றது. கணக்கெழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். மூட்டையோடு நின்ற ஒரு அம்மாள் கை நீட்டப் போனவர் மாதிரி ஓரடி முன்னால் வந்துவிட்டு நின்றார். எல்லோரும் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்று குருவய்யாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் நிமிரவில்லை.

பையன் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, அடிவரைக்கும் குடித்தான். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்தான்.

"இன்னுங் கொஞ்சம் தாத்தா" என்றான்.

அதன் பிறகுதான் கடையில் பேச்சு ஆரம்பித்தது.